பெயின்ட் வாளிக்குள் விழுந்த கதை

எங்கள் நாடகக் குழுவுக்குப் பத்து வயதாகிறது, சிறப்பு மலர் போடுகிறோம், முபீன் காக்காவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்றார்கள் மலர் தயாரிப்பவர்கள். நல்லதாக நாலு வார்த்தை என்றும் சொல்லிவைத்தார்கள். நல்லதும் இருக்கிறது, எழுதுகிறேன். மற்றதையும் எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

முபீன் காக்கா, எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் முறை, கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறார். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதும், எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். ஆகவே பெண்ணைப் பெற்ற வாப்பாமார் எல்லாரும் ஒருநாளைக்கு அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது என்பார்.

குழுவின் முறை அவர் கொண்டுவந்ததுதான். வெறும் பெயின்ட் வாளியொன்றைக் கழுவி, மூடியில் ஒரு வாய் வெட்டி, பாடசாலையில் ஒரு கிழமை வைப்போம். பிள்ளைகள் கதை எழுதிப் போடுவார்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு சொல் மாற்றாமல் நடிப்போம். ஆசிரியர்மார் பேனையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முபீன் காக்கா சண்டைக்கு நிற்பார். "பிள்ளை எழுதினத்தத் திருத்தினா பொறகு அது பிள்ளைட கதை இல்ல சேர்" என்பார். நாடகம் முடிந்ததும் எழுதிய பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, "இது உன்ட கதைதானா?" என்று மைக்கில் கேட்பார். பிள்ளை "ஓம்" என்றால்தான் கைதட்டலும் பொன்னாடையும்.

எங்கள் மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. உம்மா, மாமி, ராத்தா என்று பெண் வேடமெல்லாம் முபீன் காக்காதான். முக்காட்டைப் போட்டால் மனுசன் ஆளே மாறிப்போவார். நான் ஓட்டோ ஓடுகிற சுபியான். ஆம்பிளை வேடமெல்லாம் என் தலையில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சாய்ந்தமருதில் ஏழாம் ஆண்டு படித்த ஸப்னா என்ற பிள்ளையின் கதை வாளிக்குள் விழுந்தது. அது ஒரு வீட்டின் கதை. மாப்பிள்ளையின் உம்மா வந்து, வீடு கட்டை என்கிறா. வீடு பாவம், குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதுவும் போதாது என்கிறா. அப்போது வீட்டுக்குப் பசி எடுக்கிறது. வாப்பாவின் தோணியைத் தின்கிறது. உம்மாவின் காப்பைத் தின்கிறது. கடைசியில் உம்மாவையே கேட்கிறது. உம்மா வீட்டு வேலைக்குச் சவூதிக்குப் பிளேன் ஏறுகிறா. வீடு வளர்ந்து முடிந்தபோது உள்ளே சோறு ஆக்க ஆளில்லை.

முபீன் காக்கா மாப்பிள்ளையின் உம்மாவாக வந்து, சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெண்கள் பக்கத்தில் சிரித்தவர்களே பிறகு அழுதார்கள். ஸப்னா மேடைக்கு வந்து, பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதினேன் என்றாள். முபீன் காக்கா மைக்கை வாங்கினார். "இந்தப் பிள்ளை எனக்குப் புத்தி செல்லித் தந்திரிக்கி. என்ட மகனுக்கு நான் வீடு கேக்க மாட்டன். இந்தச் சபை சாட்சி." நானும் கைதட்டினேன். எனக்குக் கண்கூடக் கலங்கியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எட்டு மாதம் போகவில்லை. கட்டாரில் வேலை செய்கிற அவருடைய மகன் ஹிஷாமுக்குப் பெண் பார்க்க என் ஓட்டோவில்தான் போனோம். அவர், அவருடைய மனைவி றாபியா மதினி, நான். "சும்மா பாத்துட்டு வருவம்" என்றார். பெண் றிபா, தோணிக்கார ஷரிபுதீனின் மகள். கதவைத் திறந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸப்னா. பெண்ணின் தங்கச்சி.

முபீன் காக்காவின் முகத்தைக் கண்டதும் அந்தப் பிள்ளை பூரித்துப் போனாள். குசினிக்குள் ஓடினாள். அவள் சொன்னது முன்னறை வரைக்கும் கேட்டது. "உம்மா, பயப்பிடாதீங்க. இவங்க வீடு கேக்க மாட்டாங்க. மைக்கில செல்லினவருதான் வந்திரிக்காரு!" எனக்குக் காலரைத் தூக்கிவிட வேண்டும்போல இருந்தது.

ஸப்னாதான் சர்பத் கொண்டுவந்து கொடுத்தாள். றாபியா மதினி எழுந்து போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினா. அப்படியே மேடையில் பார்த்தது மாதிரி. ஸப்னா சிரித்தாள், மதினி நாடகத்தை நினைத்துப் பகிடி பண்ணுகிறா என்று எண்ணிவிட்டாள் போலும்.

"பொண்ணுல ஒரு குறையுமில்ல" என்றா மதினி. "வீடுதான் கொஞ்சம் கட்டையா இரிக்கி. மேல ரெண்டு அறை எழுப்பினா எங்கட மகனுக்கும் மதிப்பு."

பிள்ளையின் சிரிப்பு நின்றது. முபீன் காக்காவைப் பார்த்தாள். அவர் சர்பத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். ஷரிபுதீன் கையைப் பிசைந்துகொண்டு, "நீங்க என்ன செல்றீங்க மச்சான்?" என்று கேட்டார். முபீன் காக்கா மூலைத் தூணை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத்திவாரம் தாங்கும்" என்றார்.

வரும் வழியில், "நான் ஒண்டும் கேக்கல்லயே தம்பி, அது பொம்புளயள் கதைச்ச விசயம்" என்றார். உண்மைதான், அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் நானும் வாயைத் திறக்கவில்லை. என் கையிலும் ஒரு சர்பத் கிளாஸ் இருந்ததே.

முதலில் தோணி விலைப்பட்டது. ஷரிபுதீன் ஊராரின் தோணியில் கூலிக்குப் போகத் தொடங்கினார். அதுவும் போதாமல் ஸப்னாவின் உம்மா சவூதிக்குப் போனா. மேலறைகளுக்கு டைல்ஸ் முபீன் காக்காவின் கடையிலிருந்துதான் போனது; நிறம் தெரிந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மகளுடைய கலியாணத்தை அந்தத் தாய் யாரோ பிடித்த போனில் பார்த்தா. முழுதாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வேலை செய்கிற வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் மறுபடியும் அதே பாடசாலையில் வாளி வைத்தோம். மூடியைத் திறந்தவன் நான். ஸப்னாவின் எழுத்தை உடனே அடையாளம் கண்டேன்.

"ஒரு நாடகக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குப் பசி வரும் என்று அவருக்குத் தெரியும். நான் அவருக்குச் சர்பத் கொடுத்தேன். அவர் குடித்தார். அத்திவாரம் தாங்கும் என்றார். பிறகு வீடு உம்மாவைத் தின்றது. நாடகக்காரர் கலியாணத்துக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்."

முபீன் காக்கா அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார். இதை நடிப்பார், சனத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நம்பினேன். பத்து வருடப் பழக்கம், நம்பாமல் என்ன செய்வது?

"நல்ல கதை" என்றார். "ஒரு சொல்ல மட்டும் மாத்துவம். நாடகக்காரர் எண்டு வேணாம், கடைக்காரர் எண்டு போடுவம். நான் கடையிலயும்தானே நிக்கன், பொய்யில்லயே."

"காக்கா, நம்மட முறை..."

"மருமகள்ட குடும்பம் தம்பி. மானம் போயிடும்."

யாருடைய மானம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாற்றினோம். கடைக்காரராக நான்தான் நடித்தேன். வெறும் கிளாஸை வாயில் வைத்து மடக்கு மடக்கென்று குடித்தேன். சனம் நன்றாகச் சிரித்தது. ஏதோ ஒரு கடைக்காரனைப் பார்த்துச் சிரிப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

முடிந்ததும் முபீன் காக்கா முக்காட்டோடேயே மைக்கைப் பிடித்து ஸப்னாவைக் கூப்பிட்டார். வந்தாள். வளர்ந்திருந்தாள். நான் பொன்னாடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இது உன்ட கதைதானா மகள்?"

அவள் அவரை நேரே பார்த்தாள். "இல்ல மாமா" என்றாள். "நீங்க திருத்திட்டீங்க."

இறங்கிப் போய்விட்டாள். யாரும் கைதட்டவில்லை. பொன்னாடையை மடித்து ஓட்டோவுக்குள் வைத்தேன், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மலர் வெளியீட்டில் முபீன் காக்காவுக்குப் போர்த்த ஒன்று வேண்டுமாம். புதிதாக வாங்கத் தேவையில்லை, அதையே எடுத்துக்கொள்ளட்டும்.