தைலப் போத்தலுக்கு ஒரு முகம்

நடுத்தெருவில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தாம் எழுதிய பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஹபீல். அவருக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி நிற்கிறது. அதற்கும் பின்னால் ஒரு மோட்டார் கார் விடாமல் ஊதுகிறது. "கொஞ்சம் பொறுங்கொ, இந்த 'ழ'வுக்குக் கால் நீட்ட எடமில்லாம ஈக்கிது" என்கிறார், திரும்பிப் பாராமலே. வண்டிக்காரரும் இறங்கி வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார். கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

ஒல்லியான மனிதர். தலையில் துருக்கித் தொப்பி, காதில் பென்சில், கோட்டுப் பையில் தெருவில் பொறுக்கிய தீப்பெட்டிகளும் சோப்புக் காகிதங்களும். எதிலாவது ஒரு படம் அச்சாகியிருந்தால் அதை அவரால் தாண்டிப் போக முடியாது. "வீட்டுல அரிசி போட்டு வைக்க டின் இல்ல, இவர்ட குப்பைக்கு மட்டும் அலுமாரி ஈக்கிது" என்பார் அவர் மனைவி பாயிஸா.

கம்பளைப் பாதையில் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது அவற்றின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதினார். பிறகு நாடகக் கொட்டகைகளுக்குத் திரை வரைந்தார். அதன்பின் அழகையா முதலாளியின் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ்களுக்குப் பூ வரைய வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. தாமே கடை கடையாக ஏறி வேலை பிடித்தும் வந்தார். "ஒரு பூப் போடுங்க" என்று யாராவது சொன்னால், "எப்ப பறிச்ச பூ?" என்று கேட்பார். அதே அச்சகத்தில் பிழை திருத்தும் என்னை அவர் 'மாஸ்டர்' என்றே கூப்பிடுவார்.

பேசும் படம் கண்டிக்கு வந்த வருடம், கம்பளையிலிருந்து யசோதா என்றொரு பெண்மணி வந்தார். கணவர் காலமானபின் வலித்தைலம் காய்ச்சி விற்று வாழ்பவர். கொழும்பிலிருந்து வரும் பளபளப்பான போத்தல்கள் லேபல் ஒட்டாத அவருடைய போத்தல்களைக் கடைத்தட்டிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தன. "கலஹாத் தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாளுக்கு ஒரு நல்ல லேபல் வேணும். இந்தத் தடவையும் போகலைன்னா அடுப்ப அணைச்சிடுவேன்" என்றார்.

ஹபீல் உடனே ஓர் அழகியை வரைந்தார். பட்டுச்சேலை, கையில் தாமரை. முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஹபீலுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கையால் வரைந்த சில லேபல்களைப் போத்தல்களில் ஒட்டி எடுத்துக்கொண்டு, "வித்துப் பார்த்திட்டு வாரேன்" என்று கலஹா பஸ்ஸில் ஏறிவிட்டார். நானும் கூடப் போனேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வெளியே கடை விரித்தோம். ஒரு போத்தலும் போகவில்லை. கூடை சுமந்து வந்த ஒரு பெண் மட்டும் லேபலை உற்றுப் பார்த்தாள்.

"இந்த அம்மாவுக்கு ஒரு நோவும் இருக்கிற மாதிரி தெரியலையே. அவுகளுக்கு எதுக்குத் தைலம்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹபீல் சிரிக்கவில்லை. அவள் கூடையை இறக்கி வைத்து, நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடத்தைத் தேய்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிடரியைப் பிடித்து அழுத்திக்கொள்வதையே பார்த்தபடி நின்றார். அடுத்த கணம் காதிலிருந்த பென்சில் கைக்கு வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பேராதனை வரை என் முதுகுதான் அவருக்கு மேசை. "மாஸ்டர், மூச்சு விடாதீங்கொ, கோடு ஆடுது."

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்த அழகையா முகம் சுளித்தார். "கூடை தூக்குறவ படத்த யாருங்க காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு போவா?"

"கூடை தூக்குறவங்கதான் கொண்டு போகணும், முதலாளி. இது ஓடல்லயெண்டா நான் திரும்பப் பஸ்ஸுக்குப் பேர் எழுதப் போறேன்."

யசோதா படத்தைக் கையில் வாங்கினார். நெற்றிக் கயிற்றின்மேல் விரலை வைத்துத் தடவினார். "எங்க அம்மாவும் கூடை தூக்கினவங்கதான். இதையே போடுங்க" என்றார்.

சம்பள நாள் நெருங்கிய வேளையில் அச்சு இயந்திரம் ஓட்டும் கறுப்பையா காய்ச்சலில் படுத்துவிட்டார். ஹபீல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மரக்கட்டையில் படத்தைத் தாமே செதுக்கினார். மையைத் தாமே குழைத்தார். மிதி இயந்திரத்தின் முன் நின்று மிதித்தார். முதலில் பச்சை, அது காய்ந்ததும் மேலே சிவப்பு. சிவப்பு விலகி, சேலையில் விழ வேண்டியது கன்னத்தில் விழுந்தது. "அறை வாங்கின மாதிரி ஈக்கிறாளே" என்று முனகிக்கொண்டே கட்டையின் அடியில் மெல்லிய காகிதம் வைத்துப் பார்த்தார். தாள் நகராமலிருக்க ஊசிகளை நட்டுப் பார்த்தார். கெட்ட தாள்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. கடைசியில் ஒரு தாளில் சிவப்பு சேலைக்குள் சரியாக உட்கார்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அச்சகம் முழுவதும் நடந்தார். முதலாளி உட்பட எல்லோரும் அவர் பின்னால் போனோம்.

சம்பள நாளன்று கலஹாத் தோட்டத்துக் கடையில் உள்ளே நுழைய இடமில்லை. யசோதா கல்லாவுக்குப் பக்கத்தில், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஹபீல் ஒரு மூலையில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு வயதான பெண், கொழும்புப் போத்தல்களைத் தாண்டிக் கையை நீட்டினாள்.

"அண்ணே, அந்தா, நம்மாளு படம் போட்டது. அதுல ஒண்ணு குடுங்க."

கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னாலிருந்தும் அதையே கேட்டுக் கைகள் நீண்டன. யசோதா ஹபீலைப் பார்த்தார். ஹபீல் மூலையை விட்டு வந்தார். கடைக்காரரை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தட்டின் அருகே போனார். மிச்சமிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, லேபலில் இருந்த பெண் நேராகக் கூட்டத்தைப் பார்க்கும்படி திருப்பி வைக்கத் தொடங்கினார்.