புரட்டிப் போட்ட குல்லா

பனியன் துணியில் இஸ்திரிச் சூடு படும் வாசனை வந்தால் அந்தக் குல்லா நினைவுக்கு வரும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் எழும்பி, பச்சிளம் குழந்தைகளுக்குத் தனி வார்டு திறந்த வருடம் அது. பனியன் கம்பெனியில் தைத்த துணிகளைச் செக்கிங் பார்த்த நான், அந்தக் குழந்தைகளுக்கு ஒரு கட்டுக் குல்லா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தூத்துக்குடிக்காரி ஒருத்தி, பிழைப்பானா என்று தெரியாத குறைமாத மகனுக்கு அதில் ஒன்றைத் தையல் வெளியே தெரிய மாட்டியிருந்தாள்.

"ஏனுங்கம்மா, தைக்கிற நீங்களே இப்படிப் போடலாமுங்களா? என் டேபிளுக்கு வந்தா ரிஜெக்ட்டுங்க!" என்று எல்லோர் முன்னும் சிரித்தேன்.

"நேராப் போட்டா தையல் உறுத்துது அண்ணாச்சி. பிள்ளை தோலு தாங்காதுல்லா."

அவன் நெற்றியில் சிவப்பாய் ஒரு கோடு. வருடக்கணக்காகப் பிசிறு தேடிய என் கண், அந்தத் தோலை நினைத்ததே இல்லை. அங்கேயே உட்கார்ந்து மிச்சக் குல்லாக்களையும் புரட்டினேன்.

சில வாரம் கழித்து மறுபடி போனபோது அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவளே குல்லாவை நேராக்கி மாட்டினாள்.

"இனிமே தாங்குவான் அண்ணாச்சி. போயிட்டு வாரோம்."