பெஞ்சில் ஒரு மச்சினன்

இன்று எங்கள் மர்பி டவுன் ஹாக்கி டீமின் கோச் என் பெயின்ட் கடைக்கு வந்தார். டீமுக்கு ஜெர்சி வாங்கித் தருபவன் நான். அதனால் பெஞ்சில் மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு என் சம்மதம் வேண்டுமாம்.

பீன்யா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு பிராக்டிஸுக்கு ஓடிவரும் பத்தொன்பது வயது கார்த்தியா, கோச்சின் மச்சினன் ரவியா?

"கார்த்தியை அடுத்த வருஷம் பாக்கலாம்ணா. ரவிக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு."

"எதுல, பெஞ்சுல உக்கார்றதுலயா? மூணு வருஷமா விக்காத டப்பாவ நான் டெட் ஸ்டாக்னு சொல்றேன். நீங்க எக்ஸ்பீரியன்ஸ்னு சொல்றீங்க."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா. ரவியை எடுக்கலேன்னா வீட்ல எனக்குச் சோறு கிடைக்காது."

ஆக, இந்திய ஹாக்கியின் எதிர்காலம் இவர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது.

பேசி முடித்தோம். கார்த்திக்கு இடம்; ஞாயிற்றுக்கிழமை மேட்சில் ஒரு குவார்ட்டர் முழுக்க ஆட்டம். ரவிக்கு, முதுகில் 'மேனேஜர்' என்று எழுதிய ஜெர்சி, என் செலவில். ஸ்டிக் கிடையாது.