காய்ந்த மணலும் கனமான ரோலரும்

1. முதல் நாள்

கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்தேன். கியர் இல்லாத வண்டியில் பெல்ட், கிளட்ச் கோளாறு என்றால் மற்ற மெக்கானிக்குகளே என்னிடம் அனுப்புவார்கள். அப்படித்தான் பரங்கிப்பேட்டை சலீம் என்னைத் தேடி வந்தான். வளைகுடாவில் பாலைவனச் சவாரி விடும் இடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். ஊர் திரும்பியதும் நாலு ஏ.டி.வி. வாங்கினான். மணலில் ஓடும் நாலு சக்கர வண்டிகள். கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிச் சவாரி விட ஆரம்பித்தான்.

நான் ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

"அண்ணே, ஆக்சிலேட்டரத் தொட்டாலே பாயுதுண்ணே. பொம்பளைங்க, புள்ளைங்க பயந்துபோறாங்க. சத்தமும் ஜாஸ்தி, பெட்ரோலும் ஜாஸ்தி. கொஞ்சம் சாதுவா ஆக்கிக் குடுங்க."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் கியரை மாற்றுவது நாம் இல்லை. முன்பக்கப் புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் என்ற குட்டி உருளைகள்தான் பெல்ட்டை மேலே தள்ளி கியரை மாற்றுகின்றன. ரோலர் கனம் குறைவாக இருந்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றிய பிறகே கியர் மாறும். இழுவை கிடைக்கும், சத்தமும் வரும். கனத்தைக் கூட்டினால் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். வண்டி அமைதியாக ஓடும், ஆனால் பாரம் ஏறினால் திணறும்.

நான் நாலு வண்டியிலும் கனமான ரோலர் போட்டேன். வண்டி குதிக்காமல் கிளம்ப வேண்டும் என்று கிளட்ச் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றினேன். பின்பக்கப் புல்லியின் ஸ்பிரிங்கையும் தளர்வானதாகப் போட்டேன். அலையோரம் ஈர மணலில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"மாஷா அல்லா! இதாண்ணே வேணும்" என்றான் சலீம்.

காய்ந்த மணலில் நான் ஓட்டிப் பார்க்கவில்லை. சவாரி அலையோரம்தான் என்று விட்டுவிட்டேன்.

2. கோவிந்தன் சொன்னது

வண்டிகளைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தன். படகு வேலையை விட்டுவிட்டுச் சலீமிடம் சேர்ந்தவர். காலையில் துணி எடுத்து உப்புக்காற்று படிந்த இடமெல்லாம் துடைப்பார். எந்த வண்டியில் எந்த நட்டு லூஸ் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய குப்பம் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். தார் ரோட்டிலிருந்து குப்பத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மணல்தான் பாதை. ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை என்று அவசரத்துக்கு வண்டியில் கொண்டுபோகச் சலீம் அனுமதித்திருந்தான்.

ஒருநாள் நான் ஸ்பானர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது கோவிந்தன் வந்து நின்றார்.

"அண்ணே, ஈர மண்ணுல நல்லாத்தான் போவுது. காஞ்ச மணல்ல ரெண்டு பேரு ஏறுனா அப்பிடியே அடங்கிப்போவுதுண்ணே. ரப்பரு தீஞ்ச வாடையும் வருது."

கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெல்ட் வழுக்குகிறது. பழைய ரோலரையும் ஸ்பிரிங்கையும் திரும்பப் போட வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு மணி நேர வேலை.

"மாதா கோயில் திருவிழா வருது கோவிந்தா. பட்டறையில வண்டி குமிஞ்சு கெடக்கு. முடிச்சுட்டு வந்து பாத்துர்றேன்."

"சரிண்ணே" என்றார்.

திருவிழா முடிந்தது. அடுத்த வாரமும் போனது. ஒருமுறை போனில் கூப்பிட்டு, "நம்ம வண்டிய மறந்துடாதீங்கண்ணே" என்றார். மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

3. அந்தக் காலை

நான் அங்கே இல்லை. பிறகு சலீம் சொல்லித்தான் தெரியும்.

பத்து மணி இருக்கும். கோவிந்தன் வேலைக்கு வரவில்லை. அவர் மனைவி செல்வி போன் செய்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று அழுதிருக்கிறாள். சலீம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஏ.டி.வி.யில் குப்பத்துக்குப் பறந்தான். ஆம்புலன்ஸ் ரோடு வரைதான் வரும். கோவிந்தனை நடுவில் உட்காரவைத்து, செல்வி பின்னால் ஏறி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். மூன்று பேர் பாரம். காய்ந்த மணல்.

பாதி வழியில் மேட்டில் வண்டி திணறியது. சலீம் ஆக்சிலேட்டரை முறுக்கினான். இன்ஜின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. பெல்ட் கவருக்குள்ளிருந்து புகை வந்தது. குப்பத்து ஆட்கள் ஓடிவந்து கட்டிலில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள். ஆம்புலன்ஸ் ரோட்டில் காத்துக்கொண்டிருந்தது.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை.

4. கவரைக் கழற்றியபோது

காரியம் முடிந்த மறுநாள் போனேன். கவரைக் கழற்றினேன். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் பளபளத்தது. ஒரு இடத்தில் கிழிந்து நார் தொங்கியது. புல்லி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"பெல்ட் பழசாப் போச்சாண்ணே?" என்றான் சலீம்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"பெல்ட் புதுசுதாண்டா தம்பி. என் செட்டிங்தான் தப்பு. கோவிந்தன் ரெண்டு தடவ சொன்னாரு. நான் வரல."

சலீம் கிழிந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். "சாதுவா ஆக்கச் சொன்னவன் நாந்தானே" என்றான். பிறகு, "அவுங்க வீட்ல போயி இதச் சொல்லாதீங்கண்ணே. தாங்க மாட்டாங்க" என்றான்.

நாலு வண்டிக்கும் பழைய ரோலரும் ஸ்பிரிங்கும் போட்டேன். இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏறினேன். திணறாமல் ஏறியது. மற்ற மூன்று வண்டிகளையும் அதேபோல் ஏற்றிப் பார்த்தேன்.

சலீம் தடுத்தும் செல்வியிடம் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி ஏன் நின்றது, கோவிந்தன் எத்தனை தடவை சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் திட்டவில்லை, கேட்டாள்.

"வண்டிக்கு முடியலன்னு உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னாராண்ணே?"

"ஆமாம்மா."

"நெஞ்சு வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து வந்தேன்.

இதைப் படிக்கிற மெக்கானிக் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ரோலர் கனத்தையும் ஸ்பிரிங் அளவையும் யாரிடம் கேட்டும் கற்றுக்கொள்ளலாம். தினமும் அந்த வண்டியைத் தொடுகிறவன் ஒரு வாடை வருகிறது என்று சொன்னால், அன்றைக்கே கவரைக் கழற்றிப் பாருங்கள்.