பஸ் போர்டில் படித்த கன்னடம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் எம்.ஏ. வரலாறு படித்தேன். "கன்னட ரெகார்டெல்லாம் படிக்க வருமா?" என்று ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய மேடம் கன்னடத்தில் கேட்டார். "பருத்தே மேடம்", வரும் என்றேன். பச்சைப் பொய். நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். கன்னடத்தில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன், ஆட்டோக்காரர் வாயை அடைப்பேன். படித்தது தமிழ் மீடியம், பிறகு இங்கிலீஷ். கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பேச்சைக் கேட்டு யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அல்சூர் ஏரியில் துணி துவைக்கத் தடை வந்தபோது சலவைத் தொழிலாளர்கள் கொடுத்த பழைய மனுக்கள்தான் என் தலைப்பு. அடம்பிடித்து வாங்கியது. ஆவணக் காப்பகத்தில் கட்டைப் பிரித்தால் அத்தனையும் கன்னடக் கையெழுத்து! இரண்டு மாதத்தில் குறிப்புகளைக் காட்டாவிட்டால் தலைப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்று மேடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

அண்ணனுக்கு அப்போதுதான் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. "ஹிஸ்டரி படிச்சு எந்த ராஜாவுக்கு மந்திரி ஆகப் போற? பேசாம உண்மையைச் சொல்லிடு" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன்.

எந்த நம்பர் எங்கே போகும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். போர்டில் இருப்பது அந்த ஊர்ப் பெயர்தானே? ஜயநகர், விஜயநகர், ராஜாஜிநகர் மூன்றிலும் கடைசி மூன்று எழுத்து ஒன்றாக இருந்தது. ந, க, ர கிடைத்துவிட்டது. மல்லேஸ்வரம்தான் உயிரை வாங்கியது, எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து தொங்கிற்று. நான் பஸ் பஸ்ஸாகப் பார்த்து எழுதுவதைக் கண்டு ஒரு கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா, செக்கிங்கா?" என்றார். "இல்லண்ணா, படிக்கிறேன்" என்றேன். "பஸ் ஸ்டாண்ட்லயா?" என்று சிரித்துக்கொண்டே விசில் ஊதினார்.

மிச்ச எழுத்துகளை அரிச்சுவடியில் பிடித்தேன். காப்பகத்தில் முதல் மனுவைப் படித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. அடியில் வரிசையாகக் கைரேகைகள். பக்கத்தில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டினால், எல்லாம் எங்கள் தெருவில் இன்றும் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர்கள். அதற்கும் கீழே ஒரு வரி: "இதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டோம்." அவர்களும் என்னைப் போலத்தான், பேச்சு வரும், எழுத்து வராது. யாரோ எழுதியதை நம்பிப் பெருவிரலை வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை.

கெடு நாளன்று பதினோரு பக்கக் குறிப்போடும் முதல் மனுவின் நகலோடும் மேடத்திடம் போனேன். பொய் சொன்னதையும், பஸ் ஸ்டாண்டில் நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனுவின் நகலுக்காகக் கையை நீட்டினார்.

"கொடும்மா, நான் வேகமா படிச்சுடறேன்."

"வேண்டாம் மேடம், நானே படிக்கிறேன்" என்றேன். எழுத்துக் கூட்டி, திணறித் திணறி, கடைசிப் பெயர் வரை படித்தேன். மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.