ஆடியது ரயில் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், அந்தமானில் புரோத்ராபூர் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பள்ளிக்கு விஆர் கருவிகள் வந்திருந்தன. கண்ணையும் காதையும் மூடி மாட்டிக்கொண்டால் போதும், வேறொரு இடத்துக்கே போய்விட்டது போலிருக்கும். எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. முறைத்தால்கூடத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் என்னதான் செய்வது?

அன்று போக்குவரத்துப் பாடம். எங்கள் தீவில் ரயில் ஏது? மெயின்லேண்ட் பக்கமே போகாத பிள்ளைகளை அதில் ஏற்றிக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. எல்லோருக்கும் மாட்டிவிட்டு, உட்கார மனமில்லாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று ஒரே கூச்சல், கும்மாளம். "மிஸ், ட்ரெயின் சச்சி மே ஆடுது, நிஜமாவே ஆடுது!" இந்தியும் தமிழும் கலந்துதான் எங்கள் பிள்ளைகள் பேசுவார்கள்.

அட, இதில் ஆட்டம்கூட உண்டா என்று வியந்தபடி நிமிர்ந்தேன். கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மின்விசிறி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. என் காலுக்கடியிலும் தரை நழுவியது. நிலநடுக்கம்!

"பூகம்ப்! பாஹர் சலோ! வெளியே ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவரவர் காதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையிலிருந்தும் கருவியைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே விரட்டினேன். கடைசி பெஞ்சில் இருந்த பெண்ணுக்குப் பின்னலில் வார் சிக்கிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. "ருக்கோ மிஸ், கொஞ்சம் இருங்க, பிரிட்ஜ் வருது!" என்று அவள் கெஞ்ச, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கருவியோடு சேர்த்தே அவளை எழுப்பி, கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கிக் கொண்டுவந்தேன்.

மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் பின்னலில் நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் சாவகாசமாகக் கேட்டாள்: "மிஸ், இது எந்த ஸ்டேஷன்?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருவியைக் கழற்றியதும், "கண்ணு தெரியாம அத்தனை படி இறங்குனியே, பயமா இல்லையாடி?" என்றேன்.

"நீங்கதானே மிஸ் கூட்டிட்டு வந்தீங்க" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

இன்றும் பிள்ளைகள் அந்தக் கருவியை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை; என் கையை அப்படி நம்புகிறார்கள் என்பது எனக்குப் பெருமையைவிடப் பயத்தைத்தான் தருகிறது.