சுவரில் மட்டும் பட்டதாரி

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஈக்குவடோர்க்காரர். அதுவும் பட்டம் எடுப்பதற்கு ஒன்றரை வருடம் முன்னமே பட்டதாரி ஆகிவிட்டார், எல்லாம் அம்மாவின் புண்ணியத்தில்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மல்வேர்னில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில் டியேகோ அண்ணா வாடகைக்கு இருந்தார். கொலிஜில் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் படிப்பு. சனி, ஞாயிறு அப்பாவோடு கேக் ஃபாக்டரியில் வேலை. படிப்பு முடிய முன்னமே அந்தக் கொலிஜில் கறுப்பு அங்கியை மாட்டிப் படம் எடுத்துவிடுவார்கள். டியேகோ அண்ணா ஒரு பிரதியை ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினார். மற்றதை வெட்கத்தோடு எங்கள் அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதற்கு ஃபிரேம் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஹோலில் மாட்டிவிட்டார்.

அடுத்த கிழமையே டியேகோ அண்ணா படிப்பை விட்டுவிட்டார்.

கணிதத்தில் ஃபெயில். ஃபாக்டரியில் முழுநேர வேலை தருகிறோம் என்றார்கள். அவரையும் சேர்த்து ஸ்பானிஷ் பேசும் நாலு பெடியளில் மூன்று பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்து கதைக்கவும் ஆளில்லை. இவ்வளவையும் பின்படியில் என்னோடு சிப்ஸ் சாப்பிட்டபடி சொல்லிவிட்டு, "உன் அம்மாவுக்கு மட்டும் சொல்லாதே" என்றார். நான் சத்தியம் செய்தேன். ஒன்பது வயதில் ஒரு இரகசியம் ஆடுகிற பல் மாதிரி. நாக்கு சும்மா இருக்காது.

அன்று மாலை அவர் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு ரீசைக்கிள் தொட்டியடியில் வைத்தார். வேலையால் வந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். அப்படியே தூக்கிவந்து படத்துக்குக் கீழே வைத்தார். யோகட் டப்பாவையே எறியாத மனுசி என்பதால் எனக்கு அதில் அதிசயம் தெரியவில்லை.

பிறகுதான் கூத்து. என் தம்பியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு வந்த ஒவ்வொருவரையும் அம்மா படத்தடிக்குக் கூட்டிப் போனார். "எங்கட பேஸ்மென்ட் பிள்ளை. படிச்சு முடிச்சிட்டான்." டெக்னீஷியன் படிப்பு, ரோல்ஸ் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் எஞ்சினியர் படிப்பாகிவிட்டது.

"பட்டமும் எடுத்தாச்சு. இனிக் கலியாணந்தானே, தம்பி?" என்று ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார்.

டியேகோ அண்ணாவுக்குத் தெரிந்த தமிழ், சோறு போதும் என்று சொல்லக் கற்ற மூன்று சொல். மூன்றையும் செலவழித்தார். "ஓம் அன்ரி. காணும்."

அன்ரிக்கு முழுத் திருப்தி.

ஆபத்து, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் மாமாவின் உருவத்தில் வந்தது. புது வீடு வாங்கியிருந்தார். பேஸ்மென்ட்டில் பதினாறு லைட் போட வேண்டுமாம். "எஞ்சினியர் வீட்டுக்குள்ளேயே இருக்கேக்க நான் ஏன் வெளியாளைப் பிடிக்கவேணும்? வாற சனிக்கிழமை வாரும், தம்பி."

நான் மொழிபெயர்த்தேன். டியேகோ அண்ணாவின் முகம் கேக் கிரீம் மாதிரி வெளுத்தது. வீட்டு வயரிங் கடைசி செமஸ்டர் பாடம். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"படிச்சு முடிச்சவனுக்கு என்ன வகுப்பு?" மாமா விடவில்லை.

அம்மா குறுக்கே பாய்ந்தார். "மேல படிக்கிறான், அண்ணை. உங்கட லைட் கொஞ்சம் பொறுக்காதோ?" பிறகு டியேகோ அண்ணாவைப் பார்த்து, "வகுப்பு எத்தினை மணிக்கு?"

நான் மொழிபெயர்க்க, "ஒன்பது" என்றார் அவர், பாவம்.

தானே ஒரு கதையைக் கட்டித் தானே நம்புகிறாரே என்று அம்மாவை நினைக்க எனக்குக் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா கதவடியில் நின்றார். ஒரு கையில் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிய டப்பா, மறு கையில் கணிதப் புத்தகம். சூடான சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் எங்கே போவது? கொலிஜுக்குத்தான் போனார். மூன்று சனிக்கிழமை கன்ரீனில் குந்தியிருந்து புட்டு மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டார். நாலாவது சனி, அலுப்பு தாங்காமல், எதிரே இருந்த கணித உதவி அறைக்குள் போனார். அங்கே அவரைப்போலவே ஃபெயில் விட்ட ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். ஜனவரியில் திரும்பப் பதிந்தார். அப்பா கேட்காமலே தன் பின்னேர ஷிஃப்டை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, விடிய நாலு மணிக்கு எழும்பத் தொடங்கினார். வயது போனால் நித்திரை குறையும் என்றார். நான் நம்பினேன்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் டியேகோ அண்ணா உண்மையான சான்றிதழோடு வந்து நின்றார். அம்மா கையைக் கழுவி, துடைத்து, அதை வாங்கி என்னிடம் தந்தார்.

"வாசி."

பெயரை வாசித்தேன். படிப்பை வாசித்தேன்.

"திகதி? கையெழுத்து இருக்கோ? சீல்?"

"எல்லாம் இருக்கு, அம்மா."

"வடிவாய்ப் பார். இந்தமுறை உண்மையாய்த்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்த இரகசியத்தை யாரோ அம்மாவிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! அப்பா எந்நேரமும் வேலையில், வீட்டில் வேறு ஆள் இல்லை, என் தம்பிதான் என்று முடிவுகட்டினேன். ஒரு கிழமை அவனோடு கதைக்கவே இல்லை. பாவம், அவனுக்கு வயது நாலு.